என் மகளுக்கும் அந்த வழக்குக்கும் ஒரே வயது

போன மாதம் சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி ஒரு நாள் பயிற்சி நடத்தினோம். மதியச் சாப்பாட்டின்போது ஒரு மாணவி தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, 2010ல இருந்து களத்துல இருக்கறதா சொன்னீங்க. ஆனா 2015க்கு அப்புறம் நேரா 2022க்கு வந்துட்டீங்க. நடுவுல எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"கல்யாணம், குழந்தைன்னு போயிருச்சு பாப்பா" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ராசிபுரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பதில் உறுத்தியது. ஏழு வருடத்தை மூன்றே சொல்லில் முடித்துவிட்டேன். இன்னும் சில ஆண்டுகளில் அவளும் அந்த இடத்துக்கு வந்து நிற்கலாம். அவளிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அருந்ததியர் வளவில் முதுகலை படித்த முதல் பெண் நான். 2010இல் சமூகவியல் முடித்ததும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் வன்கொடுமை நடந்தால் உண்மை அறியப் போவது, பாதிக்கப்பட்டவரோடு காவல் நிலையம் போவது, முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பது. இதுதான் வேலை. மாதம் பதினோராயிரம் சம்பளம். 2014இல் எனக்குத் திருமணம் ஆனது.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்குப் போனார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவருடைய உடல் கிடந்தது. தலித் பையன் ஆதிக்கசாதிப் பெண்ணோடு பேசியதற்கு அந்தத் தண்டனை. சேலம் அரசு மருத்துவமனையில் குடும்பம் உடலை வாங்க மறுத்து நின்றது. என்னோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் அங்கே போனார்கள்.

நான் போகவில்லை. அப்போது எனக்கு நாலாம் மாதம். "வயித்துப் புள்ளக்காரி பொணவறைப் பக்கம் போகக் கூடாது கண்ணு" என்றார் அத்தை. கோபமாகச் சொல்லியிருந்தால் மீறிப் போயிருப்பேன். தலையைத் தடவிக்கொண்டு சொன்னார். வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்த்தேன்.

செப்டம்பர் 18 அன்று, அந்த வழக்கை விசாரித்துவந்த திருச்செங்கோடு டிஎஸ்பி விஷ்ணுபிரியா தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். அவருக்கு வயது 27. எனக்கும் அப்போது 27. அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் இனி இவளை இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்று எல்லார் மனதிலும் ஒரு முடிவு விழுந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். என் மனதிலும்தான்.

நவம்பரில் மகள் பிறந்தாள். நான் இருந்த திட்டத்துக்கு நிதி முடிந்துவிட்டது, அடுத்த திட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஒப்பந்த வேலையில் யாரும் உங்களை நீக்க வேண்டியதில்லை, புதுப்பிக்காமல் விட்டாலே போதும். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி முதல் இரண்டு பேறுகாலத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்று ஆக்கியபோது, மகளுக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது. அந்தச் செய்தியைக் கஞ்சி ஊட்டிக்கொண்டே படித்தேன்.

இனி கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறேன். தாய்மையில் தொலைந்துபோன பெண் தன்னை மீண்டும் கண்டுபிடிப்பது பற்றி நிறையப் புத்தகங்களும் காணொளிகளும் வருகின்றன. வீட்டுக்குள் அடைபட்ட பெண் கதவைத் திறந்து வேலைக்குப் போகிறாள் என்பதுதான் பெரும்பாலும் கதை. எங்கள் வீட்டுக் கதை அப்படி ஆரம்பிக்கவில்லை. என் அம்மா குச்சிக்கிழங்கு மில்லில் தோல் சீவியவர். நான் பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத நிலையில், மில் ஓரத்து வேப்பமரத்தில் தூளி கட்டி என்னைப் போட்டுவிட்டு வேலை செய்திருக்கிறார். அத்தை பண்ணையத்தில் களை எடுத்தவர். அவர்கள் இருவருக்கும் வேலைக்குப் போகும் உரிமை ஒரு நாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. போகாமல் இருக்கும் உரிமைதான் கிடைக்கவே இல்லை.

அதனால் நான் வீட்டில் இருந்தது அத்தைக்குப் பெருமை. பால்காரரிடம், பக்கத்து வீட்டில், விசேஷத்துக்குப் போன இடத்தில் எல்லாம், "எம் மருமவ வேல வெட்டிக்குப் போக வேண்டியதில்ல. வூட்ல இருந்து புள்ளயப் பாத்துக்கறா" என்று சொல்வார். ஒரு குடும்பம் கொஞ்சம் தலை தூக்கியதும் முதலில் தன் பெண்களை வெளிவேலையிலிருந்து நிறுத்திக்கொள்வதை, எம்.என்.சீனிவாஸ் எழுதிய சமஸ்கிருதமயமாக்கலோடு சேர்த்து வகுப்பில் படித்திருக்கிறேன். பத்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியும் இருக்கிறேன். அதே விஷயம் என் வீட்டு அடுப்படியில் நடந்தபோது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? மூன்று தலைமுறையாக வெயிலில் நின்ற ஒரு குடும்பம் ஒரு பெண்ணையாவது நிழலில் உட்கார வைத்துப் பார்க்க ஆசைப்பட்டது. அதை ஆணாதிக்கம் என்ற ஒரே சொல்லில் அடைக்க எனக்கு இன்றும் மனம் வரவில்லை. ஆனால் அந்த நிழலில் எனக்கு மூச்சு முட்டியது என்பதும் உண்மை.

என் பேர் மெல்ல மெல்ல மறைந்தது. பால்வாடியில் "பாப்பாம்மா". கடையில் "வாத்தியார் வூட்டம்மா". என் இணையர் பள்ளி ஆசிரியர். பழைய தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் என் பேர் இருந்தது. அங்கே வரும் செய்திகளுக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மூடிவிடுவேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் நீர்த்துப்போகச் செய்ததை எதிர்த்து 2018 ஏப்ரல் 2 அன்று நாடே தெருவுக்கு வந்தது. மகளுக்கு அன்று காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு கைபேசியில் பார்த்தேன். அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து, வழக்குப் பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை என்று மறுபடி உறுதி செய்தது. அது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது.

2022 மார்ச் 5. சனிக்கிழமை. மகளுக்கு ஆறு வயது. துணி மடித்துக்கொண்டிருந்தேன். கோகுல்ராஜ் வழக்கில் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று மதுரை சிறப்பு நீதிமன்றம் சொன்னதாகத் தொலைக்காட்சியில் ஓடியது. ஐந்து பேர் விடுதலை. கோகுல்ராஜின் அம்மா சித்ரா திரையில் வந்தார். நான் கையில் வைத்திருந்த சீருடையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். "யாரும்மா அவங்க? ஏன் அழறாங்க?" என்று மகள் கேட்டாள். "ஒரு அண்ணனோட அம்மா" என்றேன்.

சொன்ன பிறகு அந்தப் பதில் என்னைக் குத்தியது. தொலைக்காட்சியும் அப்படித்தான் சொன்னது, கோகுல்ராஜின் தாயார் என்று. ஆனால் அந்த வழக்கு நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு 2019இல் மாற்றப்பட்டது எப்படி? நாமக்கல்லில் நடந்தால் நியாயம் கிடைக்காது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனது யார்? அந்த மனுவில் மனுதாரர் இடத்தில் இருந்தது சித்ரா என்ற பேர். சாட்சிகள் பிறழ்ந்தார்கள். கடைசியாக மகனோடு இருந்த தோழியே மாற்றிச் சொன்னார். இவர் மட்டும் மாறவில்லை. அரசு சிறப்பு வழக்கறிஞர் ப.பா.மோகன் கோயில் கண்காணிப்பு கேமராப் பதிவை வைத்து வாதாடினார். மார்ச் 8 அன்று தண்டனை அறிவிக்கப்பட்டது. முதல் குற்றவாளிக்குச் சாகும்வரை சிறை. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்த அம்மாவைத் தெய்வமாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. அப்படி ஒரு நோக்கம் எந்தத் தாய்க்கும் வாழ்க்கையில் வரக் கூடாது. அவர் அதைத் தேடிப் போகவில்லை, அவர் தலையில் அது விழுந்தது. எனக்கு உறைத்தது வேறு. அந்த வழக்குக்கும் என் மகளுக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அவள் தவழ்ந்து, நடந்து, பள்ளிக்குப் போன அத்தனை நாளும் ஒரு அம்மா நீதிமன்றப் படி ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவரைப் போன்ற அம்மாக்களோடு கூட நிற்பதற்குத்தான் நான் படித்தேன். என் படிப்பு பீரோவுக்கு மேல் ஒரு கோப்பில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, வளவில் கூலி வேலை செய்யும் ஓர் அக்கா ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். செய்த வேலைக்குக் கூலி கேட்டபோது, நாலு பேர் பார்க்கத் தோட்டக்காரர் சாதிப் பேரைச் சொல்லித் திட்டி அடித்திருக்கிறார். காவல் நிலையத்தில் கொடுத்த முதல் தகவல் அறிக்கையின் நகல் அது. "நீ படிச்சவ. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு கண்ணு." படித்தேன். இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 323. அவ்வளவுதான். சாதியே அதில் இல்லை.

"வன்கொடுமைப் பிரிவைச் சேர்க்கணும் அக்கா, 3(1)(10)" என்று சட்டென்று சொன்னேன். அவர் போன பிறகு சந்தேகம் வந்து தேடிப் பார்த்தேன். அந்த எண்ணே இல்லை. 2016 ஜனவரி 26 முதல் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்து, பொது இடத்தில் அவமதிப்பதும் சாதிப் பேர் சொல்லித் திட்டுவதும் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என்று இரண்டு பிரிவாகியிருந்தன. என் மகளுக்கு அப்போது இரண்டு மாதம். நான் துணித்தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தபோது சட்டம் மாறியிருக்கிறது. அன்றைய வெட்கத்தை மறக்க முடியாது. மகள் தூங்கிய பிறகு விடிய விடிய உட்கார்ந்து சட்டத்தையும் 1995 விதிகளையும் முதலில் இருந்து படித்தேன். 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் தனி உரிமைகளைக் கொடுத்திருந்தது. விசாரணை அதிகாரி டிஎஸ்பி பதவிக்குக் கீழே இருக்கக் கூடாது என்கிற 7ஆம் விதி பழையது, அது நினைவில் இருந்தது.

11ஆம் விதியில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். விசாரணைக்கு வரும் பெண்ணுக்குத் தான் விரும்பும் ஒருவரை உடன் அழைத்து வரும் உரிமை உண்டு, அவருக்கும் பயணச் செலவு தர வேண்டும் என்கிறது. முன்பு பல தடவை படித்த விதிதான். இந்தத் தடவை அந்த "உடன் வருபவர்" நான்தான் என்று தோன்றியது. நான் யார் என்று ஏழு வருடமாகக் குழம்பிய கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி கிடைத்தது போல இருந்தது.

திங்கட்கிழமை அந்த அக்காவோடு மனு எடுத்துக்கொண்டு போனோம். மகளுக்குப் பள்ளி விடுமுறை, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று முறை அலைந்த பிறகு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. இரண்டாவது முறை மகள் பெஞ்சில் தூங்கிவிட்டாள். "புள்ளயத் தூக்கிட்டு எதுக்கும்மா இங்கெல்லாம்?" என்று ஒரு காவலர் கேட்டார். பழைய நானாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். "வீட்ல விட ஆளில்லைங்க, நீங்க சீக்கிரம் முடிச்சுக் குடுத்தா நான் சீக்கிரம் போயிருவேன்" என்றேன்.

இதற்குள் அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் இரவு, புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல் கேட்டார்.

"சாதி சொல்லித் திட்டுனா கேசா?"

"ஆமாங்க அத்தை."

"என்னயும் ஒருக்கா அடிச்சாங்க. உம் புருசன் வயித்துல. ஏழாம் மாசம். அவங்க கொடத்துல தண்ணி மோந்து குடிச்சுட்டன்னு."

எனக்குப் பேச்சு வரவில்லை. எட்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் ஊர் ஊராக உண்மை அறியப் போனவள்.

"அப்ப இந்தச் சட்டம் இருந்துச்சா?" என்று கேட்டார்.

என் இணையர் பிறந்தது 1984. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989. இல்லை என்று சொல்லியிருக்கலாம், அது அவருக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஆனால், "இது இல்லைங்க. வேற சட்டம் இருந்துச்சு. தீண்டாமைக்கு எதிரா 1955லயே போட்டது" என்றேன்.

"யாரும் சொல்லலியே."

கொஞ்ச நேரம் புளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சொல்றதுக்கு ஆளில்ல. நீ போ. புள்ளய நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த ஜூன் மாதம் ஓர் அமைப்பில் மறுபடி சேர்ந்தேன். சம்பளம் ஒன்பதாயிரம், 2015இல் வாங்கியதைவிட இரண்டாயிரம் குறைவு. எனக்கு மேல் இருந்தவருக்கு வயது இருபத்தாறு. அவரிடம் இணையவழி மனு போடக் கற்றுக்கொண்டேன். இணையர் மகளுக்குச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். முதல் இரண்டு மாதம் கோணல் வகிடோடுதான் அவள் பள்ளிக்குப் போனாள். நான் களத்தில் இருக்கும்போது வீட்டையும், வீட்டில் இருக்கும்போது களத்தையும் நினைத்துக் குற்ற உணர்வில் வெந்த நாட்கள் நிறைய. இன்றும் அது முழுதாகப் போகவில்லை.

இந்த வழியில் நான் முதல் ஆள் இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் தெம்பு வந்தது. மகாராஷ்டிராவில் பல்டன் என்ற ஊரில் பேபி காம்ப்ளே சிறிய கடை நடத்தினார். பத்துப் பிள்ளை பெற்றவர். வீட்டாருக்குத் தெரியாமல் எழுதி, இருபது வருடம் ஒளித்து வைத்திருந்ததுதான் அவருடைய தன்வரலாறு. ஊர்மிளா பவார் பிள்ளைகள் பிறந்த பிறகு முதுகலை படித்தார். அதற்கு வீட்டில் இருந்த எதிர்ப்பை மறைக்காமல் எழுதினார். பிறகு மீனாட்சி மூனோடு சேர்ந்து, அம்பேத்கர் இயக்கத்தில் இருந்த பெண்களைத் தேடித் தேடிப் பேட்டி கண்டு அவர்கள் வரலாற்றைப் புத்தகமாக்கினார். 1942 ஜூலை 20இல் நாக்பூரில் சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் நடந்த ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டுக்கு ஏறத்தாழ 25,000 பெண்கள் வந்தார்கள். பீடித் தொழிலாளிகளுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் விடுப்பு வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கும் முன்னால், 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசியவர் பாபாசாகேப். பிள்ளை பெறுவது பெண்ணின் சொந்த விஷயம் என்று நம் தலைவர் ஒதுக்கவில்லை. நம் அமைப்புகள்தான் ஒதுக்குகின்றன.

ஆகவே தோழர்களே, உங்களிடம் கேட்க எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன.

உங்கள் அமைப்பில் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுக்குப் பிறகு எத்தனை பெண்கள் மிச்சம் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். போனவர்கள் எங்கே என்று விசாரியுங்கள். அவர்கள் கொள்கையை விட்டுப் போகவில்லை. உங்கள் கூட்டம் இரவு ஏழு மணிக்கு ஆரம்பிப்பதால் போனார்கள். ஞாயிறு காலையில் வையுங்கள். மண்டபத்தில் ஒரு பாயும் ஒரு தோழரும் குழந்தைகளுக்காக இருக்கட்டும், அந்தத் தோழர் ஆணாக இருக்கட்டும். புதிய சட்டம், அரசாணை, தீர்ப்பு வரும்போது வீட்டில் இருக்கும் தோழிக்கும் அனுப்புங்கள், அனுப்பிவிட்டு ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அன்று எங்கோ ஒரு தோழி கைக்குழந்தையோடு இருந்திருப்பாள். அவள் திரும்பி வரும்போது 294(பி) என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

தோழிகளே, உங்களுக்குத் தனியாக ஒன்று. இடைவெளி விழுந்துவிட்டது என்று பயந்து வராமல் இருக்காதீர்கள். பிள்ளை வளர்த்த ஏழு வருடத்தில் எனக்குப் பொறுமை வந்தது. அதைவிட முக்கியமாக, வாய் திறக்காதவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்தது. முன்பு நான் போகும் வீட்டில் கேள்விப் படிவத்தை நீட்டுவேன். இப்போது முதலில் பூண்டு உரித்துக் கொடுக்கிறேன். அத்தை சொன்னது போன்ற கதைகள் அப்போதுதான் வருகின்றன. ஆனால் வீட்டில் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டும் என்றால் அதையும் தலை நிமிர்ந்து செய்யுங்கள். நம் அம்மாக்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்ததா, உங்களுக்காக வேறு யாரோ தேர்ந்தெடுத்ததா என்பதை மட்டும் அவ்வப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகிற நவம்பரில் மகளுக்குப் பத்து வயது. போன வாரம் பள்ளியில் அம்மாவின் தொழில் என்ன என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். "சமூகப் பணியாளர்னு எழுதிக்கோ" என்று சொன்னேன். எழுதி முடித்து, அதற்கு மேலே இருந்த இடத்தைக் காட்டி, "உன் பேருக்கு எத்தன சுழி ன போடணும்?" என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். எழுதினாள்.

அந்த மாணவிக்கு இதுதான் என் பதில். நான் எங்கேயும் போகவில்லை பாப்பா. திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

ஜெய் பீம்.